பழைய ஜீப்புக்குப் புது கிளட்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

இயற்கை விவசாயத்துக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வாங்கிக் கொட்டுகிற உரத்தை விட்டால் நாமே செய்து சுமக்கிற உரம்தான். ஏக்கருக்கு ஒரு முறை விட 200 லிட்டர் ஜீவாமிர்தம் வேண்டும். இரண்டு டிரம் ஏற்றினால் 400 கிலோவைத் தாண்டிவிடும். எரு, தழை, மாட்டுத்தீவனம் எல்லாம் தனி. செஞ்சிப் பக்கம் மலையடிவாரத்துக் கொல்லிகளுக்குப் போகிற பாதை பாதி பாறை, பாதி செம்மண். அதில் பாரத்தோடு ஏறி இறங்க நான் வைத்திருப்பது பழைய மஹிந்திரா ஜீப். இந்த மாதிரி வண்டியில் முதலில் தேய்வது கிளட்ச். மழைக்கு முன்னால் எரு அடிக்கிற வாரத்தில் அது போனால் அந்தப் பட்டத்துக்கே இடைஞ்சல்.

கிளட்ச் என்பது ஏரி மதகு மாதிரி. எஞ்சினில் இருக்கிற விசையை கியர்பாக்ஸுக்குத் திறந்துவிடுவதும் அடைப்பதும் அதன் வேலை. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் குறைந்தாலும், பிளேட்டில் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்தாலும், எண்ணெய் பட்டாலும் பிடி நழுவும். எஞ்சின் இரைகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது என்றால் இதுதான்.

கடைக்குப் போகும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெடலை மிதிக்கும்போது முதலில் கொஞ்சம் சும்மா இறங்க வேண்டும். பழைய ஜீப்புகளில் சுமார் ஒரு அங்குலம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரை மிதியில் இருப்பதாக அர்த்தம். அதைச் சரிசெய்தாலே சில வண்டிகள் தேறிவிடும். அடுத்து, கியர்பாக்ஸைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினின் பின் சீலோ கியர்பாக்ஸின் முன் சீலோ ஒழுகினால், எவ்வளவு உசத்தியான பிளேட் போட்டாலும் அது மறுபடி நனைந்துதான் போகும். கால்வாய் உடைப்பை அடைக்காமல் மோட்டாரை மாற்றுவதில் பயனில்லை.

வாங்கும்போது, ‘மஹிந்திரா ஜீப்புக்கு ஒரு கிளட்ச் கொடுங்க’ என்று மட்டும் கேட்காதீர்கள். மஹிந்திரா 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து பெட்ரோல் எஞ்சின், டிராக்டர் வழி வந்த டீசல் எஞ்சின், எம்.எம். 540-ல் வந்த 2112 சி.சி. பியூஜோ டீசல், 2523 சி.சி. டீசல் என்று பலவும் மாறி மாறி வந்திருக்கின்றன. போதாததற்கு இடையில் வண்டியை வைத்திருந்தவர்கள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மாற்றியிருப்பார்கள். ஆர்.சி. புத்தகம் ஒன்று சொல்லும், பானெட்டுக்குள் வேறொன்று இருக்கும். அதனால் கழற்றிய பழைய பிளேட்டையே கையோடு எடுத்துப் போங்கள். வெளி விட்டம், நடுத்துளையில் உள்ள பற்களின் எண்ணிக்கை, துளையின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளும் ஃப்ளைவீலோடு பொருந்த வேண்டும். பழைய ரகத்தில் சுருள் ஸ்பிரிங்கும் மூன்று விரல்களும் இருக்கும். பிந்தைய ரகத்தில் வட்டத் தகடாக டயாஃப்ரம் ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங் ரகத்தில் லைனிங் தேயத் தேய அழுத்தம் குறையும். டயாஃப்ரத்தில் அந்தக் குறை அவ்வளவு தெரியாது, பெடலும் இலகுவாக இருக்கும். உங்கள் ஃப்ளைவீலுக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் ஒத்துவந்தால் மட்டும் அதற்கு மாறலாம்.

லைனிங் பற்றி நமக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை வேண்டும். கடையில் ‘ஆர்கானிக் பிளேட்’ என்பார்கள். நம்ம ஆர்கானிக் இல்லை அது! கண்ணாடி இழை, ரெசின், உலோகக் கம்பி முதலியவற்றைச் சேர்த்து அழுத்திச் செய்தது. ஆனாலும் அதில் ஒரு விவசாயச் சரக்கு உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கெட்டிப்படுத்திப் பொடியாக்கி பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் சேர்க்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும்போது கையைப் பொத்துப் போகச் செய்கிற அதே எண்ணெய்தான். இந்த ஆர்கானிக் லைனிங் மெதுவாகப் பிடிக்கும், உதறாது. டிராக்டரில் போடுகிற செராமிக் வில்லைகள் சூட்டைத் தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், ஃப்ளைவீலையும் தின்னும். வயலில் முன்னும் பின்னும் நகர்த்துகிற ஜீப்புக்கு ஆர்கானிக் போதும்.

பழைய லைனிங்குகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருந்தது. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. பட்டறைப் பையன் ஹவுசிங்கைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவான். அதைத் தடுத்து ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்து வேண்டாம் என்று முடிவெடுத்த நாம் அடுத்தவன் நுரையீரலையும் நினைக்க வேண்டும். புதுப் பிளேட் கல்நார் இல்லாததா என்று பெட்டியைப் பார்த்தே வாங்குங்கள்.

‘ஹெவி டியூட்டி போட்டுடலாம் சார்’ என்று சொல்வார்கள். யோசித்துச் செய்யுங்கள். கிளட்ச் ஒரு வகையில் ஃபியூஸும்கூட. சக்கரம் பாறையிடுக்கில் சிக்கும்போது அது கொஞ்சம் நழுவிக்கொடுப்பதால்தான் கியர்பாக்ஸ் பல்லும் ஆக்ஸிலும் பிழைக்கின்றன. அளவுக்கு மீறிய அழுத்தம் போட்டால் உடைவது அடுத்த பாகம். பெடலும் கனக்கும். அறுபதைத் தாண்டிய முழங்காலுக்கு அது நல்லதில்லை. கம்பெனி கொடுத்த அளவும், அதே எஞ்சினுக்கான நல்ல தயாரிப்பும் இருந்தால் போதும்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். பேங்கில் இருந்தபோது பழகியது, விடவில்லை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி ஒரு சாமான் மாற்றினாலும் ஐந்து மாற்றினாலும் ஒன்றுதான். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் ரிலீஸ் பேரிங் கத்தினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தேவைப்பட்டால் சீலையும் மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீலில் கோடோ நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ இருந்தால் லேத்தில் முகம் பிடிக்க வேண்டும். படி வைத்த ஃப்ளைவீலாக இருந்தால் பிளேட் உட்காரும் முகத்தில் எவ்வளவு எடுக்கிறார்களோ, போல்ட் உட்காரும் முகத்திலும் அவ்வளவே எடுக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் மாறிவிடும். இதைப் பட்டறையில் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது கிளட்ச் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் இழுக்காதீர்கள், பிடி ஒன்றோடொன்று பழக வேண்டும். அதற்குப் பிறகு அதன் ஆயுள் உங்கள் காலில். வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் லோ கியரின் விகிதம் 2.46. அதைப் போட்டால் சக்கரத்துக்கு இழுவை அந்த அளவு பெருகும், கிளட்ச் நழுவும் நேரம் குறையும். டிரம் ஏற்றி மேடு ஏறுவதென்றால் அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, நான்கு சக்கர ஓட்டத்தையும் லோவையும் போட்டுவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் கிளட்சை முழுக்க விட்டு ஏறுங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். சரிவில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்திவைக்கவே கூடாது. அதற்கு பிரேக் இருக்கிறது. பிரேக் பிடிக்காவிட்டால் கிளட்சுக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.