காப்பீடு எடுக்காத முதலாளி: இளம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம்



முதலாளி காப்பீடு எடுக்கவில்லை என்றால் காயம்பட்ட தொழிலாளிக்கு வழியே இல்லை என்ற எண்ணம் தொழிலாளர் குடும்பங்களில் மட்டுமன்றி, வருந்தத்தக்க வகையில், சில வழக்கறிஞர் அலுவலகங்களிலும் நிலவுகிறது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் பொறுப்பை முதலாளி மீதே நேரடியாகச் சுமத்தியது; அதை உள்வாங்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த அடிப்படையை மாற்றவில்லை. காப்பீடு இல்லாமை பொறுப்பைக் குறைப்பதில்லை, வசூலைத்தான் கடினமாக்குகிறது. ஆகவே வழக்கறிஞரின் உழைப்பும் அங்கேதான் கூடுதலாகச் செல்ல வேண்டும்.

முதலில் தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பொருந்துமானால், முதலாளி சந்தா கட்டாதிருந்தாலும் இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குப் பயனை வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம்; அந்நிலையில் இழப்பீட்டு ஆணையரிடம் தனியே கோர முடியாது.

பொருந்தாதபோது ஆணையரிடம் செல்லும் கோரிக்கையில் இழப்பீட்டோடு 12 விழுக்காடு வட்டியையும், தக்க காரணமின்றி ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்ததற்காக 50 விழுக்காடு வரையிலான தண்டத்தொகையையும் சேர்த்தே கேட்க வேண்டும். திரையரங்கு வேலையில் விழுந்து இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் அதை முழு ஊனமாகவே கருதிய உச்ச நீதிமன்றம், பணம் செலுத்தும் கடமை விபத்து நடந்த கணத்திலேயே பிறக்கிறது, ஆணையர் உத்தரவிடும் நாளிலன்று என்று 1975இல் தீர்ப்பளித்ததை ஒவ்வொரு மனுவுக்கு முன்பும் படித்துக்கொள்வது நல்லது.

கையில் பணமில்லாத மேஸ்திரியை மட்டும் எதிர்தரப்பாக்குவது பெரும் பிழை. ஒப்பந்தக்காரர் மூலம் தன் தொழிலுக்குரிய வேலையைச் செய்வித்த முதன்மை முதலாளியும் பொறுப்பாளியே என்பதால் அவரையும் சேர்க்க வேண்டும். உத்தரவான தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆணையரிடம் கோரிய பின் அதே காயத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க இயலாது என்பதால், எந்த வாயிலில் நுழைவது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும்.

மருத்துவச் செலவுக்குச் சிறுதொகை தந்து வெற்றுத்தாளில் கையொப்பம் பெறுவதுதான் இத்துறையின் கொடிய வழக்கம். இழப்பீட்டு உரிமையைக் கைவிடும் ஒப்பந்தத்துக்குச் சட்ட மதிப்பில்லை என்பதையும், இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்பதையும் குடும்பத்தாருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். கோரிக்கைக்கு இரண்டாண்டுக் காலவரம்பு உண்டென்றாலும் சாட்சிகளான உடன் வேலையாட்கள் அதுவரை அதே ஊரில் இருக்கமாட்டார்கள். ஆகவே மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.