நதிமூலம்: சூப்பர்மேனை முதலில் வெட்டியவர்

கே: சூப்பர்மேனுக்கு ஒரு காதலி வேண்டும், அவள் பத்திரிகைக்காரியாகவும் இருக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?
- மூன்றாவது ஷிப்ட் வாசகர், ஓசூர் சிப்காட்

ப: அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற ஊரில் இருந்த இரண்டு இளைஞர்களுக்கு. கதை ஜெர்ரி சீகல், படம் ஜோ ஷஸ்டர். 1938-ல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தலைகாட்டியபோதே லோயிஸ் லேனும் வந்துவிட்டாள். அண்ணன் பறக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அண்ணி தயார். (நிஜம்தான். ஆரம்பத்தில் அவர் தாவ மட்டுமே செய்வார்.)

லோயிஸுக்கு மாதிரி நெல்லி பிளை என்று சிலர் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள். நெல்லி பெரிய ஆள்தான். பைத்தியம்போல் நடித்து மனநோய் விடுதிக்குள் நுழைந்து, அங்கே நடக்கும் கொடுமையை 1887-ல் எழுதினார். அப்புறம் 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தார். ஆனால் சீகல் அவர் பெயரைச் சொல்லவில்லை. 1988-ல் ‘டைம்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது வேறு கதை. டார்ச்சி பிளேன் என்ற நிருபராக கிளெண்டா ஃபாரெல் நடித்த சினிமாக்களைப் பார்த்துத்தான் பாத்திரத்தைப் பிடித்தாராம். டார்ச்சியாக ஒரு படத்தில் நடித்த லோலா லேன் என்ற நடிகையின் பெயர் பிடித்துப்போய் ‘லோயிஸ் லேன்’ என்று வைத்தாராம்.

சொன்னவர் படைத்தவர் என்பதற்காக டெஸ்க் சும்மா விடுமா? தேதியைப் பார்ப்போம். லோலா லேன் டார்ச்சியாக நடித்த படம் வெளியானது 1938 மே மாதம். லோயிஸ் அந்த ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டாள். லோலா அதற்கு முன்பே நடிகை, ஆகவே பெயரை அவரிடமிருந்து எடுத்திருக்கலாம். டார்ச்சி வேடத்தைப் பார்த்து எடுத்திருக்க முடியாது. ஐம்பது வருடத்தில் நினைவு இரண்டு ரீலைச் சேர்த்து ஒட்டிவிட்டது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் இருக்கிறது. டார்ச்சி பிளேன், ஃபிரெடரிக் நெபல் எழுதிய துப்பறியும் கதைகளிலிருந்து வந்தவள். மூலக்கதையில் அந்த நிருபர் ஆண். பெயர் கென்னடி, முழுநேரக் குடிகாரர். வார்னர் பிரதர்ஸ் அவருக்குப் பாவாடை கட்டிப் படம் எடுத்தது. ஆக, லோயிஸ் லேனின் தாத்தா ஒரு மொடாக்குடி நிருபர். பத்திரிகை ஆபீஸ்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

முகம் கொடுத்தது ஜோன் கார்ட்டர் என்ற பெண். மாடல் வேலை வேண்டும் என்று உள்ளூர்ப் பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தார். ஷஸ்டர் கூப்பிட்டு வரைந்தார், சீகல் 1948-ல் கல்யாணமே செய்துகொண்டார். வரி விளம்பரத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் பத்திரிகையிலும் கட்டணம் குறைவு.

கே: லோயிஸ் உண்மையிலேயே நல்ல நிருபரா?
- கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

ப: தைரியம் ஏராளம். மீதியை டெஸ்க்கைக் கேளுங்கள்.

முதல் கதையிலேயே கிளார்க் கெண்ட்டோடு நடனமாடப் போன இடத்தில், நாள் முழுக்கக் கண்ணீர்க் கதையாக எழுதிக் கை ஓய்ந்தது என்று அலுத்துக்கொள்கிறாள். ஆபீஸில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அது. அன்று ராத்திரியே ரௌடிகள் அவளைத் தூக்கிப்போக, சூப்பர்மேன் காரைத் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றுகிறார். மறுநாள் ஆசிரியரிடம் ஓடி, “சூப்பர்மேனைப் பார்த்தேன்” என்கிறாள். இளஞ்சிவப்பு யானை எதுவும் தெரியவில்லையே என்று கேட்கிறார் அவர். அதிகம் குடித்தவர் கண்ணுக்கு அந்த ஊரில் அப்படி யானை தெரியுமாம். தாத்தா கென்னடியின் ஞாபகமோ என்னவோ! செய்தி அங்கேயே வெட்டப்பட்டது.

கவனியுங்கள். உலகத்தின் முதல் சூப்பர்மேன் செய்தியைக் கொன்றது வில்லன் இல்லை, ஆசிரியர் நாற்காலி. நான் அவர் கட்சி. இரண்டாவது சாட்சி எங்கே? போட்டோ எங்கே? அதே லோயிஸ் சானமாவு காட்டோரம் யானை பார்த்தேன் என்று ஓசூரில் வந்து சொல்லியிருந்தால் யாரும் கேலி செய்திருக்க மாட்டார்கள். “எத்தனை? எந்த ராகிக் கொல்லை?” என்று கேட்டுவிட்டு, உள்பக்கம் மூன்றாம் பத்தியில் போட்டிருப்பார்கள்.

1978-ல் வந்த சினிமாவில் மார்கோ கிடர் லோயிஸாக நடித்தார். அதில் லோயிஸுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. டைப் அடித்துக்கொண்டே, இந்தச் சொல்லில் எந்த எழுத்து எத்தனை வரும் என்று ஆபீஸையே கேட்பாள். அத்தனையையும் உட்கார்ந்து திருத்திய சப்-எடிட்டர் யார்? படத்தில் முகம்கூடக் கிடையாது. பறப்பவர்கள் எல்லாரும் நிருபரைத்தான் காதலிக்கிறார்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று ராத்திரி ஒரு மணிக்கு மண்டையை உடைத்துக்கொள்பவரைக் காதலிக்க எந்தக் கிரகத்திலிருந்தும் ஆள் வருவதில்லை. இதை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன்.

கே: நம் தமிழில் இப்படி ஒரு பத்திரிகைக்காரக் காதலி உண்டா?
- வாசகி, அஞ்செட்டி

ப: உண்டு, அதுவும் எல்லைப் பகுதிக்காரர்களுக்கு டபுளாக உண்டு. 1987-ல் சேகர் கபூர் இயக்கிய இந்திப் படம் ‘மிஸ்டர் இந்தியா’. அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் அனில் கபூர் வீட்டில் ஸ்ரீதேவி வாடகைக்கு வருகிறார். வேலை நிருபர். கையில் ஒரு கருவி கட்டிக்கொண்டால் மறைந்துவிடும் நாயகனிடம் அவருக்குக் காதல். வீட்டுக்காரரிடம்? அது வேறு கணக்கு. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று தெரியாமல் நடக்கும் இந்த முக்கோணத்தில் மொத்தம் இரண்டே பேர்தான். லோயிஸ், கிளார்க், சூப்பர்மேன் கதையும் இதேதான்.

1989-ல் இது இரண்டு பக்கமும் ரீமேக் ஆனது. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் பாக்யராஜ், ஸ்ரீதேவி இடத்தில் மீனாட்சி சேஷாத்ரி. அந்தப் பக்கம் அம்பரீஷ். தலைப்பில்தான் தமாஷ். இந்திக்காரர்கள் இந்தியாவை வைத்தார்கள். கன்னடக்காரர்கள் ‘ஜெய் கர்நாடகா’ என்று மாநிலத்தை வைத்தார்கள். தமிழ்க்காரர்கள் ‘ஜெய் தமிழ்நாடு’ என்றா வைத்தார்கள்? ‘என் ரத்தத்தின் ரத்தமே’ என்று எம்.ஜி.ஆரை வைத்தார்கள்! அவர் மேடையில் தொண்டர்களைக் கூப்பிடும் விதம் அது. அவர் மறைந்து அதிக காலம் ஆகவில்லை. பாக்யராஜோ அவர் வாயாலேயே கலையுலக வாரிசு என்று பெயர் வாங்கியவர். ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் தலைப்பில் தெரிந்தால் போதும் என்பது நம் பக்கத்து மரபு.

அடுத்தது 2011 தீபாவளிக்கு வந்த ‘வேலாயுதம்’. இங்கேதான் தமிழ் சினிமா அமெரிக்காவை முந்தியது என்பேன். (இதன் மூலம் 2000-ல் வந்த ‘ஆசாத்’ என்ற தெலுங்குப் படம். பாகலூர்ப் பக்கத்து ஆட்கள் கடிதம் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.) லோயிஸ் வாழ்க்கை முழுக்க சூப்பர்மேன் யார் என்று துருவிக்கொண்டிருந்தாள். ஜெனிலியா நடித்த பாரதி அந்த வேலையே வைத்துக்கொள்ளவில்லை. ‘வேலாயுதம்’ என்று ஒரு காப்பாளனை அவளே கற்பனை செய்து காகிதத்தில் எழுதிப் போடுகிறாள். ஊரே நம்பிவிடுகிறது. அப்புறம் சீட்டுப் பணம் வாங்கக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த அதே பெயர்க்காரர் விஜய் மாட்டிக்கொள்கிறார். செய்தி முதலில், சம்பவம் பிறகு! எந்த டெஸ்க்கும் இதை அனுமதிக்காது. ஆனால் தீபாவளி ரிலீஸ் அனுமதிக்கும்.

என் வாழ்நாள் மனு நிறைவேறியது 2023 ஜூலையில். மடோன் அஸ்வின் இயக்கிய ‘மாவீரன்’. சிவகார்த்திகேயன் தினசரியில் படக்கதை வரைகிறவர், அவர் வரையும் வீரனின் குரல் அவருக்கே கேட்க ஆரம்பிக்கிறது. அதிதி ஷங்கர் நடித்த நிலா அந்தப் பேப்பரில் என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? சப்-எடிட்டர்! தியேட்டரில் நான் ஒருவன்தான் கை தட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

கே: வெறும் மூக்குக் கண்ணாடி போட்டால் காதலிக்கே அடையாளம் தெரியாதா? காதில் பூ சுற்றுகிறார்களே?
- வாசகர், பர்கூர்

ப: ஒருமுறை இரண்டாவது ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு ஷாப் ஃப்ளோரில் நின்று பாருங்கள். ஹெல்மெட், சேஃப்டி கண்ணாடி, இயர் பிளக், ஒரே நிறச் சட்டை. ஒரே லைனில் மாதக்கணக்காக நின்றவரை, கேன்டீனில் அதையெல்லாம் கழற்றியதும் “சார் எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டவர்கள் உண்டு. லோயிஸை விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் நாயகன் கண்ணாடி போட்டால் மறைந்துவிடுகிறான். ‘மிஸ்டர் இந்தியா’வில் மறைந்தவனைப் பார்க்க மற்றவர்கள் சிவப்புக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடிக் கடைக்கு எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: சின்ன வயதில் படித்த இரும்புக்கை மாயாவிக்குக் காதலி இருந்தாளா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தேன்கனிக்கோட்டை

ப: அவர் கரண்டைத் தொட்டால் கை மட்டும் மிச்சம், ஆள் மறைந்துவிடுவார். இதில் கல்யாணப் பேச்சு எங்கே எடுப்பது? 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரை வைத்துத்தான் தொடங்கியது. நம் ஊர்ப் பையன்களுக்குக் கிடைத்த ஒரே குடும்பஸ்தர் வேதாளர். அவர் டயானாவைக் கைப்பிடித்தது 1977-ல். டயானாவுக்கு ஐ.நா. உத்தியோகம், பத்திரிகை வேலை இல்லை. நிச்சயமான சம்பளம், பென்ஷன். மாமனார் வீட்டார் பார்வையில் இதுதான் உருப்படியான ஜோடி.

கே: சூப்பர்மேன் உடை மாற்றிய மாதிரி டெலிபோன் பூத் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா?
- வாசகர், மத்திகிரி

ப: மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒரு ஆள் நிற்கவே மூச்சு முட்டும், இதில் பேன்ட் வேறு மாற்றுவதா? காமிக்ஸில் அவர் பெரும்பாலும் ஸ்டோர் ரூமிலும் சந்திலும்தான் மாற்றிக்கொண்டார். பூத் விஷயத்தைப் பிரபலமாக்கியது 1941-ல் வந்த ஒரு கார்ட்டூன். 1978 படத்தில் அவர் ஓடி வருவார், எதிரே கதவில்லாத பாதி பூத் நிற்கும், மேலும் கீழும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள அத்தை வீட்டுக்குப் பேசினால் மீட்டர் எப்படி ஓடும் என்பதுதான் அந்த பூத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஞாபகம்.

கே: நான் டிப்ளமோ படித்துவிட்டு சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். நிருபர் வேலைக்கு மாறலாமா?
- வாசகர், சூளகிரி

ப: முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. நிஞ்ஜா ஆமைகளின் சிநேகிதி ஏப்ரல் ஓ’நீல். 1984 காமிக்ஸில் கம்ப்யூட்டர் புரோகிராமர், 1987 டி.வி. கார்ட்டூனில் மஞ்சள் உடுப்போடு டி.வி. நிருபர். இந்தத் திசையில் போனவராக நான் கேள்விப்பட்ட ஒரே ஆள் அவர்தான். எதிர்த்திசையில் போனவர்கள் தினமும் காலை எலக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்கள். இருந்தாலும் ஆசை விடவில்லை என்றால் வாருங்கள். டெஸ்க்கில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிடிக்கும் கண் உங்களுக்கு இருக்கும், ஒற்றுப்பிழை அதைவிடப் பெரியது.