வெயிலைத் தேடும் நோயாளி

நுழையும் முன்

காய்ச்சல் வந்தால் நம் உடல் கொதிக்கிறது. ஆயினும் குளிர்வதாக உணர்ந்து போர்வையைத் தேடுகிறோம். உடலுக்குள் வெப்பத்தைப் போதிய அளவு உண்டாக்க இயலாத பல்லிக்கும் ஓணானுக்கும் காய்ச்சல் வருமா? வந்தால் அவை என்ன செய்யும்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட ஆய்வுகளைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

காலைப் பொழுதில் மதிற்சுவரின் மீது ஓணான் ஒன்று அசையாமல் வெயில் காய்வதை நீங்கள் கண்டிருக்கலாம். அது சோம்பலால் அங்குக் கிடக்கவில்லை. இரவில் குளிர்ந்த உடலை வெயிலில் சூடேற்றிக்கொள்கிறது. சூடு போதுமானதும் நிழலுக்குச் சென்றுவிடும். மனிதர், பறவைகள் போன்ற உயிர்கள் உண்ட உணவிலிருந்து உடல் வெப்பத்தைப் பெறுகின்றன. ஊர்வனவோ பெரும்பாலும் வெளியிலிருந்தே வெப்பத்தைப் பெறுகின்றன. எனவே, அவற்றை மாறுவெப்ப விலங்குகள் என்பர்.

பாலைவன இகுவானா என்பது பல்லி இனத்தைச் சேர்ந்த ஓர் ஊர்வன. அது தென்மேற்கு அமெரிக்காவிலும் வடமேற்கு மெக்சிகோவிலும் உள்ள பாலை நிலங்களில் வாழ்கிறது. 1974ஆம் ஆண்டு மேத்யூ க்ளூகர் என்னும் அறிவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் இவ்விலங்கின் உடலில் இறந்த பாக்டீரியாக்களைச் செலுத்தினர். அதன் இருப்பிடத்தில் ஒரு பக்கம் மிகுந்த வெப்பமும் மறுபக்கம் குறைந்த வெப்பமும் இருக்குமாறு அமைத்தனர். எங்கு இருப்பது என்பதை அதுவே தேர்ந்தெடுக்கலாம். கிருமி புகுந்ததை உணர்ந்த இகுவானா வெப்பமான பக்கத்தில் கூடுதல் நேரம் தங்கியது. அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. நம் உடல் உள்ளிருந்து உண்டாக்கும் காய்ச்சலை அவ்விலங்கு நடந்து சென்று பெற்றுக்கொண்டது!

இக்காய்ச்சலால் பயன் உண்டா? 1975ஆம் ஆண்டு க்ளூகர் குழுவினர் உயிருள்ள பாக்டீரியாக்களை இகுவானாக்களுக்குச் செலுத்தி, அவற்றை 34 முதல் 42 டிகிரி வரையிலான வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தனர். 34 டிகிரியில் இருந்தவை நான்கு நாள்களுக்குள் இறந்தன. 42 டிகிரியில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. மறு ஆண்டில் மற்றோர் ஆய்வு நடைபெற்றது. நோயுற்ற 12 இகுவானாக்களுக்குக் காய்ச்சலைத் தணிக்கும் சோடியம் சாலிசிலேட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அம்மருந்தையும் மீறி ஐந்து விலங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவை உயிர் பிழைத்தன. காய்ச்சல் வராத ஏழும் மாண்டன.

வெப்பம் எவ்வாறு உதவுகிறது? அது நேரடியாகக் கிருமியைச் சுட்டுக் கொல்வதன்று. உடல் சூடேறும்போது இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் விரைந்து செயல்படுகின்றன. அத்துடன், நோயுற்ற விலங்கின் இரத்தத்தில் இரும்புச் சத்து குறைகிறது. பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு இரும்பு தேவை. வெப்பம் மிகுந்தபோது அது கிடைக்காவிடில் அவற்றின் வளர்ச்சி தடைப்படுகிறது.

எனினும், இப்போர் எளிதன்று. வெயிலில் நெடுநேரம் கிடக்கும் விலங்கு பருந்தின் கண்ணில் படக்கூடும். வெப்பம் எல்லை மீறினால் அதுவே உயிரைப் பறித்துவிடும். நிழலில் ஒளிந்தால் நோய் வெல்லும். வெயிலுக்கு வந்தால் பகை காணும். இவ்விரண்டிற்கும் இடையில்தான் அச்சிறு உயிர் தன் வாழ்வைக் காத்துக்கொள்கிறது. மீன்களும் நோயுற்றால் வெதுவெதுப்பான நீரை நாடிச் செல்கின்றன.

ஊர்வனவற்றுக்குப் பொருந்துவது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. நமக்குக் காய்ச்சல் வந்தால் பெரியோரிடம் உடனே கூற வேண்டும். மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். இனிமேல் மதிற்சுவரில் வெயில் காயும் ஓணானைக் கண்டால் கல்லெறிந்து விரட்டாதீர்கள். ஒருவேளை அது நோயுற்றிருக்கலாம். வெயில் ஒன்றே அதற்கு மருந்தாக இருக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

ஊர்வன – பல்லி, பாம்பு, ஆமை முதலிய விலங்குகள்
வெயில் காய்தல் – உடல் சூடேற வெயிலில் இருத்தல்
நாடுதல் – விரும்பித் தேடுதல்
மாண்டன – இறந்தன

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஓணான் காலையில் வெயில் காய்வது ஏன்?
2. கிருமி புகுந்த இகுவானா தன் உடல் வெப்பத்தை எவ்வாறு உயர்த்திக்கொண்டது?

ஆ. பிரித்து எழுதுக.
1. மதிற்சுவர் = ........ + ........
2. வெள்ளையணு = ........ + ........

இ. சிந்தித்து எழுதுக.
காய்ச்சல் தணிந்தும் ஏழு இகுவானாக்கள் இறந்தன. இதிலிருந்து நீ அறிந்துகொள்வது யாது?

ஈ. செயல்பாடு
உன் வீட்டருகில் வெயில் காயும் ஓர் ஓணானைத் தொலைவில் நின்று பத்து நிமிடம் உற்றுநோக்குக. அது எப்போது வெயிலுக்கு வந்தது, எப்போது நிழலுக்குச் சென்றது என்பதை ஐந்து தொடர்களில் எழுதுக.