குச்சிக்குள் ஒரு கிடா

மராட்டிய மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அங்கிருந்து சோலாப்பூர் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் உருளி காஞ்சன் என்ற ஊர் வரும். 1946-ஆம் ஆண்டு காந்தியடிகள் இந்த ஊரில் இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மணிபாய் தேசாய் என்ற இளைஞரிடம் விட்டுச் சென்றார். மணிபாய் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். 1967-இல் 'பைஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நல்ல காளைகளின் விந்தை உறைய வைத்துக் கிராமங்களுக்கு அனுப்புவதில் அது பெயர் பெற்றது. பிறகு வெள்ளாட்டுக்கும் உறைவிந்து வந்தது.

ஆட்டுக்கு எதற்கு இது? ஊரில் கிடா இல்லையா?

இருக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட கிடா? கொழுகொழு என்று வளரும் கிடாக்குட்டியைத்தான் வியாபாரி முதலில் கேட்பார். வீட்டில் பணமுடை. விற்றுவிடுவார்கள். விலைபோகாத சோனிக் கிடா மந்தையில் நிற்கும். அதுவே எல்லா ஆட்டோடும் சேரும். தாயோடும் சேரும், தங்கையோடும் சேரும். வரவரக் குட்டிகள் சிறுத்துப்போகும்.

நல்ல கிடாவிடம் ஒருமுறை எடுத்த விந்தில் பத்துக் குச்சிகளுக்கு மேல் நிரப்பலாம். குச்சி என்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய். பெரும்பாலும் அதில் கால் மில்லிதான் பிடிக்கும். விந்து கெடாமல் இருக்க முட்டையின் மஞ்சள் கரு சேர்த்த கலவையை ஊற்றுவது வழக்கம். ஆட்டு விந்தில் ஒரு தொல்லை உண்டு. அதில் உள்ள ஒரு பொருள் மஞ்சள் கருவோடு சேர்ந்தால் உயிரணுக்கள் சாகும். அதனால் விந்தைக் கழுவி எடுப்பார்கள். அல்லது மஞ்சள் கருவைக் குறைப்பார்கள்.

நிரப்பிய குச்சிகள் திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். இந்தத் திரவமோ பூஜ்யத்துக்கும் கீழே 196 டிகிரி குளிர்ந்தது. அந்தக் குளிரில் உயிரணுக்கள் ஆண்டுக்கணக்கில் தூங்கும். கிடா இறந்த பிறகும் அதன் குட்டி பிறக்கும்.

குளிர் ஒருமுறை விட்டுவிட்டால் எல்லாம் போயிற்று. மறுபடி குளிரில் போட்டாலும் பயன் இல்லை. செத்த குச்சியும் நல்ல குச்சியும் பார்வைக்கு ஒன்றுதான். ஊசி போடும் அன்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து ஆடு மறுபடி கத்தும். அப்போதுதான் தெரியும். கொடுத்த பணமும் போச்சு, மூன்று வாரமும் போச்சு.

ஆகவே ஆட்டுக்காரரும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேனை மூடியே வைத்தாலும் நைட்ரஜன் தினமும் ஆவியாகும். கேன் வற்றுவதற்கு முன் ஊற்ற வேண்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று ஊழியரைக் கேளுங்கள். அளவுக்குச்சியை விட்டுக் காட்டுவார். பனி படிந்த உயரம்தான் அளவு. வெறும் கையால் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். மூடிய அறையில் கேனைத் திறக்கக் கூடாது. மூச்சு முட்டும்.

குச்சி எடுக்கும்போது உள்வாளியைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. இடுக்கியால் சட்டென்று எடுக்க வேண்டும். சில விநாடியில் கிடைக்காவிட்டால் வாளியைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும். எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட வேண்டும். சூட்டைக் கை வைத்துப் பார்த்தால் போதாது. வெப்பமானி வேண்டும். பிறகு ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் கெடுதல். வெயில் படாமல் உடனே ஆட்டுக்குச் செலுத்த வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குச்சிதான். பேசிக்கொண்டே நாலைந்தை எடுத்து வெளியே வைக்கும் ஆளை நம்ப வேண்டாம்.

நேரமும் தவறக் கூடாது. பருவத்துக்கு வந்த ஆடு கத்தும். வாலை ஆட்டும். மற்ற ஆட்டின் மேல் தாவும். கோழை ஒழுகும். காலையில் இப்படிச் செய்தால் மாலையில் ஊசி போடலாம். மாலையில் செய்தால் மறுநாள் காலையில் போடலாம்.

அன்றைய தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அதிலிருந்து 18 முதல் 21 நாள் வரை ஆட்டைப் பாருங்கள். கத்தாமல் மேய்ந்தால் சினை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் ஐந்து மாதத்தில் குட்டி.