ஒரு விசை, மூன்று நிலைகள்

“கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டினேன், கைப்பேசி ஏற்க மறுக்கிறது.” பல வீடுகளில் கேட்கும் புகார் இது. தட்டிய எழுத்துகள் புள்ளிகளாகத் தெரிவதால் தவறு எங்கே என்றும் புரிவதில்லை. இரண்டு மூன்று முறை தவறினால் கணக்கே முடங்கிவிடலாம். பல நேரங்களில் இதற்குக் காரணம் ஷிஃப்ட் விசைதான்.

ஷிஃப்ட் என்றால் நகர்த்துதல். 1878ஆம் ஆண்டில் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப் பொறியில் ஒவ்வோர் அச்சுத் தண்டின் முனையிலும் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என இரண்டு இருந்தன. ஷிஃப்ட் விசையை அழுத்தினால் தாளைத் தாங்கும் பகுதி நகரும். பெரிய எழுத்து தாளில் பதியும்.

கணினியில் எதுவும் நகர்வதில்லை, எண்தான் மாறுகிறது. ஆங்கிலத்தின் முதல் எழுத்தைச் சிறியதாகத் தட்டினால் 97, பெரியதாகத் தட்டினால் 65. நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. கணினிக்கு அவை வெவ்வேறு. அதனால்தான் கடவுச்சொல்லில் ஓர் எழுத்தின் அளவு மாறினாலும் கதவு திறப்பதில்லை.

கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு விசையை அழுத்தியபடியே இன்னொன்றைத் தட்டுவது கடினம். ஆகவே நாம் ஷிஃப்டைத் தட்டியதைக் கைப்பேசியே நினைவில் வைத்துக்கொள்கிறது. இதில் மூன்று நிலைகள் உண்டு. ஐபோனில் ஷிஃப்ட் விசையின் அம்புக்குறி வெற்றுக் கோடாக இருந்தால் சிறிய எழுத்து. ஒரு முறை தட்டினால் அம்பு நிறம் நிரம்பும். அடுத்த ஓர் எழுத்து மட்டும் பெரியதாக வரும். விரைந்து இரு முறை தட்டினால் அம்பின் கீழே கோடு விழும். மறுபடி தட்டும்வரை எல்லாமே பெரிய எழுத்துதான். ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் முறை ஏறக்குறைய இதுவே. குறியின் தோற்றம் மாறலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வாக்கியத் தொடக்கத்தில் கைப்பேசி தானாகவே இரண்டாம் நிலைக்குச் சென்றுவிடும். அது தெரியாமல் ஷிஃப்டைத் தட்டினால் பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்தே வரும்.

தமிழுக்கும் இது பொருந்தும். ஆங்கில ஒலிவழி தட்டும் அஞ்சல் முறையில் ல-ள, ர-ற, ன-ண வேறுபாட்டை ஷிஃப்ட்தான் காட்டுகிறது. ஷிஃப்டை மறந்தால் அறம், இரும்பைத் தேய்க்கும் அரமாகிவிடும். தமிழ் 99 முறையில் 12 உயிருக்கும் 18 மெய் வரிசைக்கும் தனித்தனி விசைகள் உள்ளன. ஜ, ஸ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிஃப்ட் தேவை.

செய்து பாருங்கள்: குறிப்பேட்டுச் செயலியைத் திறந்து ஆங்கில விசைப்பலகையில் மூன்று நிலைகளிலும் சில எழுத்துகளைத் தட்டுங்கள். ஒவ்வொரு நிலையிலும் அம்புக்குறி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இனிக் கடவுச்சொல்லைத் தட்டும் முன் அந்தக் குறியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கண் வடிவக் குறி இருந்தால் அதைத் தொட்டு, தட்டியதைச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.