தட்டில் விழுந்தது எவ்வளவு?



"முட்டி வலிக்குது, இடுப்பு பிடிக்குது" என்ற பேச்சு இல்லாமல் நம் குழுக் கூட்டம் நடப்பதுண்டா? வலிக்குக் காரணம் பல. கால்சியம் என்கிற சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் குறைவதும் அதில் ஒன்று.

"ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்று நினைப்போம். வைட்டமின் டி குறைவு ரத்தத்தில் தெரியும். கால்சியம் அப்படியில்லை. சாப்பாட்டில் குறைந்தால், உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் சரிக்கட்டிவிடும். சேமிப்பை எடுத்துத் தவணை கட்டுவது போலத்தான். பாக்கி இருப்பது வெளியே தெரியாது. சேமிப்பு கரைந்துகொண்டே போகும்.

அதனால்தான் "என்ன சாப்பிட்டீங்க, எத்தனை நாள், எவ்வளவு?" என்று கேள்வித்தாளில் கேட்டு எழுதுகிறார்கள். இந்தக் கேள்வித்தாளும் ஒரு தராசுதான். தராசு சரியா என்று பார்க்காமல் நாம் சரக்கு நிறுப்போமா?

எப்படிச் சோதிக்கிறார்கள்?

1. சில பெண்களிடம் கேள்வித்தாளில் கேட்டு எழுதுவார்கள். அதே பெண்கள் சாப்பிடுவதைச் சில நாட்கள் நிறுத்தும் எழுதுவார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

2. சில வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். பதில் பெரிதாக மாறினால் கேள்வியில் கோளாறு.

3. வைட்டமின் டி முட்டை மஞ்சள் கரு, மத்தி மீன் போன்ற சில உணவுகளில்தான் உண்டு. பெரும்பகுதி வெயில் பட்டு நம் தோலில் உண்டாவது. ஆகவே வெயிலில் இருக்கும் நேரத்தையும் கேட்டு, ரத்தப் பரிசோதனையோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

தப்பு எங்கே வருகிறது?

டம்ளர் கணக்கில்: ஒரு அக்கா தினமும் 3 டம்ளர் டீ குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் பால் 50 மில்லிதான். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். ஆக அவருக்குக் கிடைப்பது 180. டம்ளர் முழுவதும் பால் என்று 150 மில்லியாக எழுதினால் 540 ஆகிவிடும்! 2020-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட பரிந்துரைப்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம்.

சமைத்ததைச் சொல்வதில்: "நேத்து கருவாட்டுக் குழம்புங்க" என்கிறோம். கருவாடு வீட்டுக்காரர் தட்டிலும் பிள்ளைகள் தட்டிலும் விழுந்தது. நமக்கு வந்தது குழம்பு மட்டும்தானே?

மாதத்தில்: ஆடியில் கேட்டால் கேழ்வரகுக் கூழ் நிறைய வரும். தையில்?

விட்டுப்போவதில்: முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, எள் எல்லாம் கால்சியம் உள்ளவை. வேலி ஓரத்தில் பறித்த கீரையைக் கேள்வித்தாள் கேட்காவிட்டால் நாமும் சொல்ல மாட்டோம். வெற்றிலைச் சுண்ணாம்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்காக வெற்றிலை பாக்கு போடச் சொல்லவில்லை. பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும்.

நமக்கு என்ன நஷ்டம்?

180 என்பது 540 என்று ஏறினால், "இவருக்குப் பரவாயில்லை" என்று தாள் மூடப்படும். உண்மையில் குறைவாக இருப்பவருக்கு ஆலோசனையும் கிடைக்காது, மாத்திரையும் கிடைக்காது. கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லும் ஒவ்வொரு டம்ளரும் நம் எலும்புக்கே நஷ்டம். கடைசியில் சாப்பிடுகிறோம், மிச்சத்தைச் சாப்பிடுகிறோம் என்றால் அதையே சொல்வோம். வெட்கம் வேண்டாம். கேட்பவர் அவசரப்பட்டால், "இருங்க, எங்க டம்ளரைப் பாத்து எழுதுங்க" என்று சொல்வோம்.

அடுத்த கூட்டத்தில் செய்து பார்ப்போம்

• வீட்டு டம்ளரைக் கொண்டு வாருங்கள். எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளப்போம்.

• நேற்று சமைத்தது என்ன? நம் தட்டில் விழுந்தது என்ன? இரண்டையும் தனித்தனியே எழுதுவோம்.

• இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் வந்தது? வீட்டில் யாரிடம் பேச வேண்டும்?

கடன் கணக்கில் ஒரு ரூபாய் விடாமல் எழுதும் நாம், நம் தட்டின் கணக்கையும் சரியாக எழுதுவோம்.