தலைக்கணக்கும் தலைப்பும்

பெடாஸ் அடங்கிய நமது நெகிரி செம்பிலானில் 1947-ல் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1957-ல் 3 லட்சத்து 64 ஆயிரம். 2020-ல் ஏறக்குறைய 12 லட்சம். மொத்தத்தை இப்படி ஒப்பிடலாம். இனவாரிக் கணக்கு அப்படியல்ல. பேரேட்டில் தலைப்பு மாறினால் பழைய பாக்கியும் புதிய பாக்கியும் ஒட்டுமா?

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஜனத்தொகைக் கணக்குகளில், 1881-லும் 1891-லும், இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினர் ‘ஜாவி பெக்கான்’ எனத் தனியே எண்ணப்பட்டனர். பிற்காலத்தில் அத்தலைப்பே போய்விட்டது. மக்கள் எங்கும் போகவில்லை!

இன்றும் இனம் என்பது நாம் சொல்லும் பதில்தான். ஒரே வீட்டில் தந்தை இந்தியராகவும் மகன் மலாய்க்காரராகவும் பதிவாகலாம். மார்க்கம் தனிக் கேள்வி. ‘இந்தியர்’, ‘இஸ்லாம்’ என்ற இரண்டு பதில்களும் சேர்ந்தால்தான் கணக்கில் நாம் தெரிவோம். ஆகையால் கணக்கெடுப்பவர் வரும்போது பதிலைக் கடைப் பையனிடம் விட்டுவிடலாகாது.